ஆள் இல்லை

பூட்டிக் கிடந்த ஆய்வகத்தின் வெளிச்சுவர்ப் பலகையில் ‘ஆள் உண்டு’ என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. விடுமுறை நாள் பிற்பகல். இருந்த ஒரே சாவி பொறியாளரின் கையில்தான் இருந்தது.

உணரியில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திறந்தார். நாளை ஆட்கள் மறுபடி வேலைக்கு வருகிறார்கள். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

அந்த உணரியைப் பொருத்தியவரே அவர்தான். அறையில் அசைவு தெரிந்தால் காற்றாடி முழு வேகத்தில் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியே தள்ளும். அசைவு நின்றால் ஆள் போய்விட்டதாக எண்ணி அடங்கிவிடும். மின்செலவு பாதியானது, மேலிடத்தில் கைதட்டினார்கள். அங்கே வேலை பார்த்த பெண் மட்டும் விடவில்லை. துளித்துளியாக அமிலம் விடும்போது சிலை மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது, அந்த நேரம் பார்த்துக் காற்றாடி அடங்கிவிடுகிறது என்று வந்து வந்து சொன்னாள்.

“அப்பப்ப கையை ஆட்டிக்கோம்மா, அது தெரிஞ்சுக்கும்,” என்று சிரித்து அனுப்பினார்.

ஒரு நாள் அவள் அந்தப் புகையில் மூச்சுத் திணறிச் செத்ததும், பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போட்டார். கவனமில்லாத பெண் என்று விசாரணையில் கூசாமல் சொன்னார். செத்தவள் வந்து மறுக்கப் போகிறாளா என்ன.

உள்ளே காற்றாடியின் இரைச்சலும் புதுப் பெயின்ட் வாசனையும், அதற்கடியில் மூக்கை அறுக்கும் இன்னொரு நெடியும் இருந்தன. காற்றாடி புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அமிலக் குப்பி திறந்து கிடந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க அவள் கூண்டின் விளிம்பில் ஒட்டிவைத்த மெல்லிய காகிதத் துண்டு, உள்பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. புகை உள்ளேதான் போகிறது என்று நிம்மதியானார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றாடி தணிந்தது. உள்பலகையில் எழுத்து மாறியது. ‘ஆள் இல்லை.’

கையை வீசினார். மாறவில்லை. கதவுக்கு ஓடினார். கைப்பிடி அசையவில்லை. தொண்டை எரிந்தது. குப்பியையாவது மூடலாம் என்று திரும்பி வந்தார். மூடியைக் காணோம்.

காகிதம் நிமிர்ந்தது. மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது.

கூண்டின் கண்ணாடியில், அவர் தோளுக்குப் பின்னால், ஒரு வெள்ளை மேலங்கி. இம்மியும் அசையாமல். மூடிய விரல்களுக்குள் குப்பியின் மூடி.

“கையை ஆட்டுங்க சார்,” என்றாள். “அது தெரிஞ்சுக்கும்.”

ஆட்டினார். இரண்டு கைகளையும். பலகை மாறவில்லை.

காகிதம் அவர் உதட்டைத் தொட்டது.