மிச்சமிருந்த மூன்று பக்கம்

மார்கழி மாதத்தில் அறுகம்பேக்கு யாரும் வருவதில்லை. வெள்ளைக்காரர்கள் போய்விடுவார்கள், விடுதிகள் கதவடைத்துவிடும், கடல் மட்டும் சேற்று நிறத்தில் இரைந்துகொண்டிருக்கும். அப்படி மூடிக்கிடந்த விடுதியொன்றின் கடைசி அறையைத்தான் நூஹு பத்து நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார். அவர் வந்து இறங்கியபோது நல்ல மழை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஞானராணி குடையோடு ஓடி வந்தார்.

“தனியவா சேர் வந்தீங்க?”

“ஓம். எழுத வந்த. சாப்பாட்ட வாசல்ல வெச்சாப் போதும்.”

அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரம் ஒரு மேசை. உப்புக்காற்று ஊறிய மெத்தையின் வாடை.

கல்முனையில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இரண்டு நாவல்கள் எழுதியவர் நூஹு. அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: விடியலில் ஸுபஹு தொழுதுவிட்டு மூன்று பக்கம். அது முடியும்வரை யாரோடும் கதைப்பதில்லை. போனைச் சத்தமில்லாமலாக்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். எழுத வரும் இளையவர்களிடமும் அதையே சொல்வார். மனம் வரட்டும் என்று காத்திருக்காதே, மேசைக்கு முன்னால் கதிரையில் இரு, எழுத்து தானாக வரும்.

எழுதியதை முதலில் வாசிப்பவள் மனைவி சுபைறா. விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஓர் ஈரத் தடம் இருக்கும்.

மூன்றாவது நாவல் பாதியில் இருந்தபோது அவளுக்கு நுரையீரலில் நோய் கண்டது. தோணியில் போன தம்பிக்காகக் கரையில் காத்து நிற்கும் ஒருத்தியின் கதை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்கச் சுபைறா கேட்டாள்.

“அந்தத் தோணி திரும்பி வருதா?”

“முடிச்சிட்டு வாசிச்சுக் காட்டுறன்” என்றார் நூஹு.

மறுநாள் விடியலில் அவர் வீட்டில் மூன்றாவது பக்கத்தில் இருந்தார். எழுதி முடித்துப் போனை நிமிர்த்தினால், தாயோடு நின்ற மகள் றுஸ்தா பதினொரு தடவை அழைத்திருந்தாள். சுபைறா மவுத்தாகி, மூச்சடங்கி முக்கால் மணி நேரம் கடந்திருந்தது.

அதன் பிறகு எட்டு மாதம். ஒரு வரி எழுத வரவில்லை.

அறுகம்பேயிலும் முதல் இரண்டு விடியல்கள் அப்படியே போயின. கதிரையில் இருந்தார். திகதியைப் போட்டார். பேனையின் மை காய்ந்தது.

மூன்றாம் நாள் விடியலில், மழைச் சத்தத்துக்கு நடுவே, எப்படியோ ஒரு வரி வந்தது.

அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

சின்ன, வறண்ட இருமல். ஆஸ்பத்திரியின் மருந்து நெடி அறைக்குள் மெல்லப் பரவியது. நூஹுவின் பிடரி குளிர்ந்தது. திரும்பவில்லை. திரும்பினால் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

எழுதினார். மூன்று பக்கம் நான்காகி, ஒன்பதானது. எழுதிய தாள்களைத் திரும்பிப் பாராமலே பின்னாலிருந்த கட்டிலில் வைத்தார். மத்தியானம் இருமல் ஓய்ந்த பிறகே அவற்றை எடுத்துப் பார்த்தார்.

எல்லாத் தாள்களின் மூலையிலும் ஈரம்.

அன்றிலிருந்து அவர் வாழ்நாளில் எழுதாத வேகத்தில் எழுதினார். குளிக்கவில்லை. வாசலில் வைத்த சோறு ஆறிப்போனது. ஆறாம் நாள் காலையில் ஞானராணி கதவருகில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சேர், மனிசி எப்ப வந்தவ? அவ இருமுறது என்ட குசினி வரைக்கும் கேக்குது. இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தரட்டா?”

நூஹுவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“தாங்க” என்றார்.

கதை முடிவை நெருங்கியது. முடிந்தால் அவள் போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. ஏழாம் நாள் பேனையை மூடி வைத்தார்.

அன்று முழுக்க மூச்சு இழுத்தது.

கட்டில் பக்கமிருந்து வந்தது. வார்டில் அவர் கேட்ட அதே இழுப்பு. நேரம் போகப் போக அது நீண்டது, கிறீச்சிட்டது. காதைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

“எழுதுறன் புள்ள. எழுதுறன்.”

எட்டாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் கடைசி வரியை எழுதினார். தோணி திரும்பாது என்றுதான் தொடக்கத்திலிருந்தே நினைத்திருந்தார். இப்போது அதை மாற்றினார். தோணி வந்தது.

பிறகு, அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் தடவையாகத் திரும்பினார். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

“சுபைறா, வாசிக்கட்டா?”

தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தார். இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. பக்கம் பக்கமாகத் தணிந்தது. தோணி அடிவானத்தில் புள்ளியாகத் தெரியும் கடைசி மூன்று பக்கம் மட்டும் மிச்சமிருக்கையில், இழுப்பு நின்றுவிட்டது.

மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும்.

“கொஞ்சம் பொறு புள்ள. மூணு பக்கந்தான்.”

மருந்து நெடியும் இல்லை. இந்தத் தடவையும் அவர் பிந்திவிட்டார். உடைந்த குரலில், யாருமில்லாத கட்டிலுக்கு, மிச்சமிருந்ததை வாசித்து முடித்தார். முடித்துவிட்டு மெத்தையில் முகம் புதைத்து அழுதார்.

இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லையென்று பயந்து, மறுநாள் றுஸ்தா வேனோடு வந்தாள். தகப்பன் மெலிந்து கிடந்த கோலத்தைப் பார்த்துக் கண்கலங்கினாள்.

“என்ன வாப்பா இது? எழுதச் சொல்லித்தானே அனுப்பின, உசிர விடச் சொல்லியா?”

“முடிச்சிட்டன் மகள்” என்றார்.

வேனில் இருவரும் நடு ஆசனத்தில் இருந்தார்கள். பின்னாசனத்தில் அவருடைய பை மட்டும். பொத்துவில் தாண்டியதும் றுஸ்தா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சாரதி பாதையிலேயே கண்ணாக ஓட்டினான். திருக்கோவில் பக்கம் வரும்போது மழை விட்டு, வயல்களின் மேல் வெயில் விழுந்தது. நூஹு கண்ணை மூடிக்கொண்டார். கதையின் கடைசி வரி மனதுக்குள் வந்தது. தம்பி தோணியிலிருந்து குதித்துத் தண்ணீரை விலக்கிக்கொண்டு கரையை நோக்கி நடக்கிறான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

பின்னாசனத்திலிருந்து, காதோரமாக, ஆசையோடு ஒரு குரல் கேட்டது.

“பொறகு?”