‘அவர்’ குளிக்கிறார்!

“ஐயோ…! முதலாளீ…!”

அலறல் லாட்ஜின் பின்பக்கப் படிக்கட்டிலிருந்து வந்தது. கூட்டுகிற அம்மாவின் குரல்.

எட்டாம் நம்பர் அறையில் கண்ணாடிக்கடைக்காரி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். வருஷக்கணக்காக மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, “இப்ப தெளிவாத் தெரியுதா சார்?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். முதல்முறையாகத் தனியாக ஊர் சுற்றக் கிளம்பியிருந்தாள். யார் கத்தினாலும் இன்று அது அவள் வேலை இல்லை.

மறுபடி கண் அசந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

இல்லை… இடிக்கப்பட்டது!

திறந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர். இரவு டியூட்டி முடியாத கண்கள். அவருக்குப் பின்னால், முகத்தில் எண்ணெய் வழிய லாட்ஜ் மேனேஜர்.

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“அவர்… குளிச்சிட்டிருக்கார்.”

பழக்கதோஷம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த ‘அவர்’ முழுக்க முழுக்க அக்காவின் தயாரிப்பு.

“தனியா வந்திருக்கேன்னு எவன்கிட்டயும் சொல்லாதேடி. ஒரு புருஷனை உருவாக்கிக்கோ!” என்று வழியனுப்பும்போது சொல்லியிருந்தாள்.

செய்முறை சுலபம். பெரிய சைஸில் ஓர் ஆண் செருப்பு வாங்கி அறை வாசலில் விட வேண்டும். டீ சொன்னால் இரண்டாகச் சொல்ல வேண்டும். எவனாவது காரணமில்லாமல் கதவைத் தட்டினால் ஷவரைத் திறந்துவிட்டு, “அவர் குளிக்கிறார்” என்றால் முடிந்தது. பெயர் வேண்டாம், உத்தியோகம் வேண்டாம். வெறும் ‘அவர்’ போதும். அந்த ஒரு வார்த்தையின் சூட்சுமமே அதுதான்! சொல்கிறவள் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. உயரம், உடம்பு, கோபம் எல்லாவற்றையும் கேட்கிறவனே சேர்த்துக்கொள்வான்.

நேற்று ரூம் போடும்போது மேனேஜரிடம் ‘அவர் பின்னால வர்றார்’ என்றதிலிருந்து அது பிரமாதமாக வேலை செய்தது. ஒரே சங்கடம், இரண்டு டீயையும் அவளே குடிக்க வேண்டியிருந்தது. தூக்கம் போச்சு!

இன்ஸ்பெக்டர் குளியலறைக் கதவைத் தள்ளினார்.

காலி. தரையில் சொட்டு ஈரமில்லை!

“ஏம்மா, லாட்ஜ் முதலாளி பின்படிக்கட்டுல மண்டை உடைஞ்சு செத்துக் கிடக்கார். நீ என்னடான்னா புருஷனைத் தப்பிக்க விட்டுட்டுக் கதை சொல்றே?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

“நான்தான் சொன்னேனே மேடம்!” மேனேஜர் துள்ளினான். “விடிகாலைல இவங்க வீட்டுக்காரர்தான் முதலாளியோட மல்லுக்கு நின்னார். என் கண்ணால பார்த்தேன்!”

கண்ணாலயா…?

அப்படி ஓர் ஆளே இல்லை என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? புருஷனைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்பார்கள்.

“கிளம்பு. புருஷன் கிடைக்கிற வரைக்கும் ஸ்டேஷன்ல உட்காரு.”

இல்லாத புருஷன் கிடைக்கிற வரைக்கும் என்றால்… ஆயுசுக்கும் ஸ்டேஷன்தான்!

பெருமூச்சு விட்டாள். “ஒரு நிமிஷம் மேடம். இவரை நான் கொஞ்சம் கேட்டுக்கறேன்.”

“கேளு. ஆனா சீக்கிரம்.”

கடையில் கேட்கும் அதே அலுத்த குரல் வந்தது.

“அண்ணே, கிட்டத்துல பார்த்தீங்களா, தூரத்துலயா?”

“கிட்டத்துலதான்!”

“முகம் தெளிவாத் தெரிஞ்சுதா?”

“பளிச்னு தெரிஞ்சுதே! முறுக்கு மீசை!”

“கண்ணாடி?”

“போட்டிருந்தார்! கறுப்பு ஃப்ரேம்!”

“ஏதாவது பேசினாரா?”

“‘என் பொண்டாட்டியை ஏன்டா முறைச்சுப் பார்த்தே’ன்னு முதலாளி சட்டையைப் பிடிச்சார். ஒரே தள்ளு…!”

அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதுவரை அவளுக்காக யாரும் யார் சட்டையையும் பிடித்ததில்லை.

“மேடம், என் போனை நீங்களே எடுங்க. ‘அக்கா’ன்னு இருக்கும். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வாயே திறக்கலை.”

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஆனாலும் போட்டார்.

“என்னடி, எழுந்துட்டியா?” அக்காவின் குரல் அறையை நிறைத்தது. “‘அவர்’ குளிச்சு முடிச்சாரா, இல்லையா? நேத்துலேர்ந்து ஷவர்லயே நிக்கிறாரே, இல்லாத மனுஷனுக்குச் சளி பிடிச்சுடப் போகுது! அந்தச் செருப்பைத் தொலைச்சுடாதே. அடுத்த ஊருக்குப் புதுசா எவன் புருஷன் தயாரிக்கிறது?”

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். மெதுவாகத் திரும்பினார்.

“முறுக்கு மீசை…?”

“மேடம்… அது… இருட்டுல…”

“பளிச்னு தெரிஞ்சுதுன்னே! கறுப்பு ஃப்ரேம் வேற! இல்லாத ஆள் மேல எதுக்குடா பழியைப் போட்டே…? யாரைத் தப்பிக்க வைக்க?”

மேனேஜர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“நாளைலேர்ந்து வராதேன்னுட்டார் மேடம்… கோபத்துல தள்ளிட்டேன்… செத்துடுவார்னு நினைக்கலை…!”

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் அவனை இழுத்துப்போனார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

“யாரும் கதவு தட்டாத ஊர் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க மேடம். போய்த் தூங்கணும்.”

“தெரிஞ்சிருந்தா நானே போயிருக்க மாட்டேனா? நீங்க தைரியமாக் கிளம்புங்க. ‘அவரை’ மட்டும் விட்டுடாதீங்க!”

“இவ்வளவு நடந்த பிறகுமா?”

“பின்னே? எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்… நிஜமான ஆள்! இத்தனை வருஷத்துல ஒரு கேஸைக்கூட முடிச்சுக் கொடுத்ததில்லை!”