இறங்காத மண்

இரண்டு மழைக்காலம் முடிந்த பிறகும் மனைவியின் மண்மேடு கொஞ்சமும் இறங்கவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருந்த பொக்லைன் ஆபரேட்டருக்கு மனதில் என்ன உறுத்துகிறது என்று முதலில் பிடிபடவில்லை. அரசாங்க நிலக்கரிச் சுரங்கத்தில் மண் அள்ளியே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். தோண்டி மூடிய குழி எதுவானாலும் ஒரு மழையில் அமுங்கும், அடுத்த மழையில் பள்ளம் விழும். இதுவோ நேற்றுக் குவித்துத் தட்டிவிட்டதுபோல உப்பிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். புது இடுகாட்டில் வரிசையாகக் கிடந்த எல்லா மேடுகளும் அப்படியேதான் இருந்தன.

வேலியோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துவந்து மேட்டின் நடுவில் செருகினார். மேலாக இருந்த பொலபொல மண்ணில் சுலபமாக இறங்கிய கம்பி, தரைமட்டத்துக்கு வந்ததும் டங்கென்று நின்றது. நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். கீழே இருந்தது யாரும் ஒருநாளும் தோண்டாத கட்டாந்தரை.

அவள் செத்ததே சுரங்கத் தூசியால்தான். துணி காயப்போட்டாலும் சோறு வடித்தாலும் மேலே ஒரு கறுப்புப் படலம் வந்து உட்கார்ந்துவிடும் ஊர் அது. அது அவள் நெஞ்சிலும் உட்கார்ந்தது. அவளைப் புதைத்துச் சில வருஷத்தில் பழைய ஊர் இடுகாட்டுக்கு அடியிலும் கரி இருக்கிறது என்று சுரங்கக்காரர்கள் வந்து நின்றார்கள். வீட்டைக் கொடுத்த ஊர் இடுகாட்டைக் கொடுக்க மாட்டேன் என்று வழியில் உட்கார்ந்தது. அப்போது வீடு வீடாக ஏறி இறங்கியவன் அவளுடைய தம்பி. மறுவாழ்வு அலுவலகத்தில் வேலை, ஊர்ப் பிள்ளை, எல்லாருக்கும் செல்லம். ஒவ்வொருவரையும் மரியாதையாக எடுத்துப் புது இடத்தில் வைப்போம் என்று அவன் வாக்குக் கொடுத்தான். முதலில் தலையாட்டியவர் ஆபரேட்டர். அவர் ஆட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஆட்டினார்கள்.

எடுக்கும் நாளன்று அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நீங்க வர வேண்டாம் மாமா. தாங்க மாட்டீங்க. அக்காவ நான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

கம்பியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். மச்சினனுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை.

ஊரைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மலை நின்றது. சாயங்காலமானால் அதன் நிழல் கொல்லைகளைத் தாண்டிக் கூரைகளில் ஏறி எதிர்வரிசை வீடுகளையும் மூடிவிடும். அப்புறம் ஈரக் களிமண்ணும் கந்தகமும் கலந்த ஒரு வாடை, பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல, சுவரோரமாகத் தவழ்ந்து உள்ளே வரும்.

அதோடு ஒரு இருமலும் வரும். வறண்டு மூன்று முறை, பிறகு மூச்சை இழுக்கும்போது மெலிதாக ஒரு விசில். பக்கத்து வீட்டில் யாரோ என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் பக்கத்து வீட்டு டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல, ராத்திரியெல்லாம் இருமிட்டே இருக்காங்களே என்று கேட்டபோதுகூட அவர் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டார். இப்போது கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அந்த விசிலை அவருக்குத் தெரியும். எத்தனையோ இரவு அதன் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறார்.

அது மண்மலைக்குள்ளிருந்து வந்தது.

மச்சினன் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். அவர் சிரிக்கவில்லை. கம்பி இறங்காததைச் சொன்னார். அவன் முதலில் மழையைச் சொன்னான், பிறகு மண்ணின் தன்மையைச் சொன்னான். மண்ணைப் பற்றி இவரிடமே பேசுகிறோம் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"எங்க வெச்ச அவள?"

பெரிய இடத்திலிருந்து ஆள் வந்து புதுக் குடியிருப்பைத் திறந்து வைப்பதாக இருந்தது, நாள் குறித்துவிட்டார்கள், ஒவ்வொன்றாக எடுக்க அவகாசமே இல்லை, மேட்டை மட்டும் கட்டிவிடு என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். தன் கையில் ஒன்றுமில்லை என்றான்.

ஆபரேட்டருக்கு அதற்குள் வேறொரு காலை நினைவுக்கு வந்துவிட்டது. பழைய இடுகாட்டில் பனி மூட்டம். காலி பண்ணியாச்சு, அள்ளலாம் என்று அவரைப் பொக்லைனில் ஏற்றிவிட்டார்கள். வாளியின் பல்லில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சிக்கியது. வேர் என்று நினைத்து உதறினார். லாரி லாரியாக அள்ளிப் போட்டார். எல்லாம் இந்த மலைக்குத்தான் வந்தது.

"அன்னைக்கு என்னை ஏன்டா ஏத்தின?"

"வேற எந்த ஆபரேட்டரும் ஏற மாட்டேன்னுட்டாங்க மாமா. நீங்க ஓட்டினா ஊரு நம்பும்."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கைகள் மட்டும் மடியில் கிடந்தபடியே, லிவரை இழுப்பதுபோல, முன்னும் பின்னும் அசைந்தன. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

மின்சாரம் போனது.

கொல்லைப் பக்கம் மூன்று இருமல். விசில். மிக அருகில். மச்சினன் தலையைத் தூக்கினான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவளின் மூச்சு அது.

"யாரு மாமா அது?"

இரண்டாவதாக ஒரு இருமல் சேர்ந்துகொண்டது. கனத்த ஆண் இருமல். பிறகு கிழட்டு இருமல் ஒன்று. பிறகு குழந்தையின் கக்குவான். வரிசை நெடுக. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும். தெருவே கேட்டிருக்க வேண்டும். ஆனால் தெருவில் ஒரு சத்தமில்லை. நாய் இல்லை. ரேடியோ இல்லை. டீச்சர் வீட்டில் பின்தாழ்ப்பாள் திறக்கும் ஓசை மட்டும். அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

அவர் எழுந்தார். கொல்லைக்கதவின் தாழைத் தள்ளினார்.

"வேண்டாம் மாமா."

கதவு உள்பக்கமாகத் திறந்தது. வெளியே கொல்லை இல்லை. துணிக்கொடி இல்லை. வானம் இல்லை. நிலைக்கதவு உயரத்துக்கு மண். செங்குத்தாக நின்றது. ஒரு பொடிகூட வாசற்படியைத் தாண்டி உள்ளே சரியவில்லை.

இருமல் நின்றுவிட்டது.

மச்சினன் முன்வாசலுக்கு ஓடினான். இடறி விழுந்து எழுந்தான். கதவை இழுத்துத் திறந்தான். அப்படியே நின்றான். தெரு இருந்த இடத்தில், ஜீப் நின்ற இடத்தில், கறுத்த ஈரமண். படியிலிருந்து மேல்சட்டம் வரைக்கும்.

"கூப்பிடு," என்றார் ஆபரேட்டர் இருட்டுக்குள்ளிருந்து. "உன் குரல் கேட்டா வருவா."

அவன் வாயைத் திறந்தான். அக்கா என்ற சொல் காற்றாகத்தான் வந்தது.

மண் மெல்ல உள்வாங்கியது. பிறகு மூச்சுவிடும் நெஞ்சுபோல உப்பியது. அதன்மேல், உள்ளிருந்து வெளியே அழுத்தியபடி, கைகள் பதிந்தன. பெரிய கைகள். வளையல் போட்ட கைகள். கீழே, படியை ஒட்டி, மிகச் சின்னக் கைகள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.