ஸ்பூன் விழாத நாள்

வகுப்பில் எல்லாருக்கும் அவள் ‘ஸ்பூன்’தான். மதியம் டப்பாவைத் திறந்ததும் அவள் ஸ்பூன் தவறாமல் கீழே விழும். எடுக்க மேசைக்கு அடியில் குனிவாள். தலை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

“கையில வெண்ணெய் தடவிட்டு வரியா?” என்று கேட்பான் நெட்டையன்.

உண்மை வேறு. சாப்பிடும் முன் கடவுளுக்கு நன்றி சொல்வது அவர்கள் மத வழக்கம். அந்த வகுப்பில் அவர்கள் மதத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான். முதல் நாள் கைகூப்பியபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து பிரார்த்தனை மேசைக்கு அடியில் நடக்கிறது. அங்கே எத்தனை சூயிங்கம் ஒட்டியிருக்கிறது என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. ஒளித்து ஒளித்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி தேய்க்கும் வேலை. நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் வேண்டத் தொடங்கி, பாதியிலேயே தூங்கிவிட்டாள். கூப்பிய கை மட்டும் பிரியவில்லை.

“அலுப்பா இருந்தா ஒருநாள் விட்டுடேன்மா,” என்று எழுப்பினாள் மகள்.

“மத்ததெல்லாம் விட்டாச்சு கண்ணு. இதை விடமாட்டேன். இது நம்மளோடது.”

இன்று மதியம், தோழி சுருட்டை ஒரு சிவப்பு ரிப்பனோடு ஓடிவந்தாள். ஸ்பூனை இவள் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டாள்.

“இனிமே விழாது! உன் கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குத் தூக்கமே வரல.”

அவள் அந்த இரட்டை முடிச்சைப் பார்த்தாள். தன் பொய்யால் சுருட்டைக்கும் கவலையா?

“கைக்கு ஒண்ணுமில்லடி. வேணும்னேதான் கீழே போடுவேன். குனிஞ்சு கடவுளுக்கு நன்றி சொல்வேன். நீங்க சிரிப்பீங்கன்னு பயம்.”

சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கக் கைகூப்பினாள். ஸ்பூன் டப்பாவில் இடித்து ‘டிங்’ என்றது. நெட்டையன் சிரித்தே விட்டான். அவள் முகம் சுட்டது. ஆனாலும் கடைசி வரிவரை சொல்லி முடித்தாள்.

கண்ணைத் திறந்தால், சுருட்டை தன் டப்பாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“முடிச்சிட்டியா? எனக்குப் பசிக்குது!”

மாலையில் அம்மா வழக்கம்போல் பாதியில் தூங்கிப்போனாள். மீதியை மகளே சத்தமாகச் சொல்லி முடித்தாள். அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்மா. ஸ்கூல்லயும் சொல்லிட்டேன், மேசைக்கு மேலயே!”

“பின்ன வேற எங்கேடி சொல்வாங்க?” என்று கேட்டுக்கொண்டே அம்மா மறுபடியும் தூங்கிப்போனாள்.