உள்ளங்கையளவு மண்

பள்ளிக்கூடம் விட்டு வந்த கோபிசங்கர் சப்பாத்தைக் கழற்றும் முன்பே மேசையில் இருந்த அந்தச் சாமானைக் கையில் எடுத்தான். அது சூடாக இருந்தது.

பெரிய சூடில்லை. கோழி எழும்பிப் போன பிறகு முட்டையில் மிஞ்சியிருக்குமே, அந்த அளவு. ஆனால் காலையில் அவன் அதை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தான். மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, அந்த ஆடி மாதத்து மழையில், பூட்டிய வீட்டுக்குள் கிடந்த ஒரு பொருள் சூடாக இருக்க நியாயமே இல்லை. சீனிப் போத்தலுக்குள் சீனி கட்டிபட்டுப் போகிற குளிர். சூடும் ஒரே சீராக இல்லை. நடுவில் சில்லென்றிருந்தது. இரண்டு கைகளாலும் பிடிக்கிற இரண்டு ஓரங்களில் மட்டும் இளஞ்சூடு.

‘பற்றறி பழுது’ என்று நினைத்தான். ‘வேறென்ன, இந்தக் குப்பைக்கு.’

அது அவனிடம் வந்து ஒரு வாரம்தான். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா மகன் லக்ஸ்மன் யாரோ கொழும்புக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். “அண்ணை, பொக்கற்றுக்குள்ள வைக்கிற கொம்பியூட்டர். கேம் எல்லாம் விளையாடலாம்” என்று ஃபோனில் பெருமையடித்தான். தான் பாவித்துச் சலித்ததைத் தள்ளிவிட்டிருக்கிறான் என்பது உறையைப் பிரித்த உடனேயே கோபிசங்கருக்குத் தெரிந்துவிட்டது. தலவாக்கலைச் சோதனைச் சாவடியில் பையைக் கிளறிய சிப்பாய்கூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “செல்லம் படுவக்த?” என்றான். விளையாட்டுச் சாமானா என்று. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணினிப் பாடம் படிப்பிக்கிற பட்டதாரி ஒருவன் அந்தச் சிரிப்புக்கு நடுவே, “ஓவ், செல்லம் படு” என்று தலையாட்ட வேண்டியதாயிற்று.

திரையை மேலே தள்ளினால் கீழேயிருந்து விசைகள் எட்டிப்பார்த்தன. எழுத்துகளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாலும் எறும்புக் கூட்டம்தான். அது விழித்தெழுவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்துவிடலாம். உள்ளிருக்கும் சின்னக் காற்றாடி காதோரத்து நுளம்பு போல இரைந்தது. இதையெல்லாம் முதல் நாளே பார்த்து, கணக்குப் போட்டு, உதட்டைப் பிதுக்கி மேசையில் எறிந்தான்.

ஆனாலும் பின்னேரங்களில் அதைத்தான் எடுத்தான். வேறு என்ன இருக்கிறது இந்த ஊரில்? மூன்று மணிக்கே பனிமூட்டம் தேயிலைக்குள் இறங்கி யன்னலை அடைத்துவிடும். போர்வையில் ஈரவாடை. தகரக் கூரையில் ஓயாத மழை. சண்டையால், சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. இந்த மலையில் அவனைக் கொண்டுவந்து போட்ட இடமாற்றத்தை அவன் ஒரு நாளும் மன்னிக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் லயத்துப் பிள்ளைகளுக்கு ‘மவுஸ்’ என்று சொல்லிக் கொடுத்தால் எலியைக் கண்டதுபோலச் சிரிக்கிறார்கள் என்று ஊருக்கு ஃபோன் எடுத்துச் சொல்வான். விளையாட்டு மூளையைக் கெடுக்கும் என்று அதே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவான்.

லக்ஸ்மன் அதில் விட்டுவைத்திருந்தது ஒரே ஒரு விளையாட்டு. நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு குட்டி மனிதன் மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே கீழே போவான். வழியில் நிறக்கற்கள் கிடைக்கும். பின்னால் ஏதும் துரத்தினால் ஒரு விசையைத் தட்டிப் பாறையை உருட்டிச் சுரங்கத்தை அடைக்கலாம். அவ்வளவுதான். மூளையில்லாதவர்களுக்கு மூளையில்லாதவர்கள் செய்த விளையாட்டு என்று நினைத்தபடியே அன்றும் திறந்தான்.

அவன் விட்ட இடத்தில் மனிதன் நின்றான். திரையை இன்னும் கீழே நகர்த்தியபோது கண்ணில் பட்டது. அடிமண்ணில், அவன் எட்டியே பார்க்காத ஆழத்தில், ஒரு சுரங்கம். ஒடுக்கமானது. வளைந்து வளைந்து, ஏதோ தடுமாறித் தோண்டியது போல.

அது மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் வருகிற ஒரே ஆள் வேலாயி. கொழுந்து பறித்து ஓய்ந்த கிழவி. காலையில் வந்து கூட்டி, சமைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். மறுநாள் சனிக்கிழமை. அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் அவன் போய் நின்றான்.

“வேலாயி, நீ என்ர மேசையில கிடக்கிற சாமானைத் தொட்டனியோ?”

“ஐயோ, இல்லீங்க சேர். அத நான் ஏன் தொடப்போறேன்? மேச தொடைக்கயிலகூட அத சுத்தித்தாங்க தொடைக்கிறது.”

“பேரப்பிள்ளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறனியோ?”

“எனக்கு யாருங்க சேர் இருக்கா?”

பொய் சொல்கிறாள். இவர்கள் எல்லோரும் சொல்லும் பொய்தான். திங்கட்கிழமை அவன் அதைக் கொண்டுபோய் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பின்னேரம் வந்து அலுமாரியைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. மழைக்குப் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை. அதோடு, மிக இலேசாக, புளித்த பால்.

ஓரங்கள் சூடாக இருந்தன.

சுரங்கம் பாதித் தூரம் ஏறியிருந்தது. இப்போது அது ஒன்றாக இல்லை. வேர்களைப் போலப் பிரிந்து பல கிளைகளாக வந்துகொண்டிருந்தது. எல்லாக் கிளைகளும் அவனுடைய குட்டி மனிதன் நின்ற இடத்தைப் பார்த்தே வளைந்திருந்தன.

மறுநாள் காலை, வேலாயி படியேறும்போதே வாசலில் மறித்தான். கள்ளத் திறப்புப் போட்டிருக்கிறாள் என்றான். உங்கட ஆக்களை வீட்டுக்குள் விட்டால் இதுதான் நடக்கும் என்றான். சத்தம் போடப் போட அவனுக்குள் ஒரு நிம்மதி வந்தது. கிழவி குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அந்தச் சாமான்ல என்னாங்க சேர் தெரியுது?” என்று மட்டும் கேட்டாள்.

என்ன நினைத்தானோ, கொண்டுவந்து காட்டினான். கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். விளையாட்டு, விளக்கு, கல் எதுவும் அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அந்தக் கிளைச் சுரங்கங்களில் அவள் பார்வை நின்றுவிட்டது.

“இந்த ஊட்டுக்குப் பின்னால முந்தி பிள்ளைக்காம்பரா இருந்திச்சுங்க” என்றாள். “வேலைக்குப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. அப்ப நான்தான் அங்க ஆயா. ஒரு மழையில மேல்மல அப்படியே சரிஞ்சி வந்திரிச்சு. நான் பால்மா வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தேன், சேர். திரும்பி வந்து பாக்குறேன், காம்பராவ காணோம். மண்ணுதான் இருக்கு.”

“அதுக்கு?”

“எல்லாப் புள்ளைங்களையும் எடுக்கலீங்க. கொஞ்ச நாளு தோண்டுனாங்க. அப்பறம் தோட்டத்துத் தொர போதும்னுட்டாரு. அது மேலயே தேயில நட்டுட்டாங்க.”

கோபிசங்கருக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. “உங்களுக்கு எதைக் கேட்டாலும் ஒரு பேய்க்கதை. நாளையிலயிருந்து வரவேண்டாம். போ.”

அவள் குடையை விரித்தாள். இரண்டு படி இறங்கி, திரும்பி நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையில் இருந்ததைப் பார்த்துச் சொன்னாள்.

“அதுங்க வெளையாடட்டும் சேர். ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

அன்று பின்னேரம் அவன் வேண்டுமென்றே விளையாட்டைத் திறந்தான். படித்தவன் ஒருவன் ஒரு லயத்துக் கிழவியின் பேச்சுக்குப் பயந்து ஒரு விளையாட்டுச் சாமானைத் தொடாமல் விடுவதா? சுரங்கங்கள் இன்னும் கிட்ட வந்திருந்தன. ஒரு கிளைக்கும் அவனுடைய மனிதனுக்கும் நடுவில் நகத்தளவு மண்தான் இருந்தது. விசையைத் தட்டினான். பாறை உருண்டு போய் அந்தக் கிளையை அடைத்தது. அடுத்ததற்கு மனிதனை நடத்திப்போய் அதையும் அடைத்தான். பிறகு அடுத்தது. பாறை விழும்போதெல்லாம் சாமான் அவன் கைக்குள் இலேசாக அதிர்ந்தது. அதில் அதிர்கிற வசதி கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் மிச்சம் விடாமல், ஒவ்வொரு வாயாகப் பார்த்துப் பார்த்து மூடினான்.

“உதுக்குள்ளயே கிட” என்றான் கடைசிப் பாறையோடு.

வீட்டின் பின்பக்கம் ஏதோ ஒன்று சட்டென்று அடங்கியது போலிருந்தது. அது அடங்கிய பிறகுதான், இவ்வளவு நாளும் அங்கே ஒரு சத்தம் இருந்துவந்திருக்கிறது என்பதே அவனுக்கு உறைத்தது.

அதன் பிறகு சாமான் சூடாகவில்லை. பின்னேரம் வந்து தொட்டால் கல்லைத் தொட்டது போலக் குளிர்ந்து கிடந்தது. அலுமாரியில் வாடையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு வேலாயியின் கதையை அவளுடைய பேச்சு வழக்கிலேயே நடித்துக் காட்டினான். “கைப்புள்ளைங்க கம்ப்யூட்டர் வெளையாடுதுங்க சேர்” என்று அவன் இழுத்துச் சொன்னபோது ஆசிரியர் அறையே சிரித்தது. மூலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஐவி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து படித்து வந்தவள். பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. வழக்கமான மழையில்லை. மலையையே வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவது போல ஒரே இரைச்சல். பனிமூட்டம் யன்னலோடு நிற்கவில்லை. இடுக்குகளால் உள்ளே வந்து மேசையின் காலை, கதிரையின் காலை மறைத்துக்கொண்டு தரையோடு பரவியது. நாலு மணிக்கே பொழுதுபட்டது போலாகிவிட்டது. பிறகு கரண்ட் போனது. பின்கதவைப் பார்த்தான். பூட்டியிருந்தது. அதன் கீழ்ப்பக்கத்தில், பலகைக்கும் சீமெந்துக்கும் நடுவே, சிவந்த சேறு மெல்ல நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

மெழுகுவர்த்தி குசினியில். குசினிக்குப் போக அவனுக்கு மனம் வரவில்லை. அலுமாரியைத் தடவித் திறந்து, வெளிச்சத்துக்காக அந்தச் சாமானை எடுத்து முடுக்கினான். இந்த முறை அது தாமதிக்கவில்லை. நுளம்புச் சத்தமும் இல்லை. தட்டியதும் விழித்தது. அவன் கேட்காமலேயே விளையாட்டு திறந்துகொண்டது.

திரை முழுவதும் மண்.

பாறைகள் இல்லை. அவன் அடைத்த சுரங்கங்கள் இல்லை. அவன் தோண்டிய சுரங்கமும் இல்லை. நெற்றி விளக்குக்காரனைத் தேடினான். மேலே நகர்த்தினான், கீழே நகர்த்தினான். மண். பக்கவாட்டில் நகர்த்தினான். மண். ஓரமே இல்லாத மண். அந்த மங்கலான மண்ணிற வெளிச்சம் அவன் கைகளையும் சட்டையின் முன்பக்கத்தையும் மட்டும் காட்டியது.

“பழுதாப் போச்சு” என்று சத்தமாகச் சொன்னான். குரல் கூரைக்குப் போகவில்லை. வாய்க்கு முன்னாலேயே எதிலோ முட்டி விழுந்தது.

மழைச் சத்தம் குறைந்தது. மழை நிற்கவில்லை. சத்தம்தான் தூரப் போனது. மேலே, மிக மேலே போனது. வீட்டுக்கு மேல் ஏதோ கனமானதைப் போட்டு மூடியது போல.

புளித்த பால் வாடை.

சாமான் கனத்தது. இவ்வளவு கனம் அதற்கு இல்லை. கைகள் தாழ்ந்தன. உயர்த்திப் பிடித்தான். மறுபடியும் தாழ்ந்தன. பெருவிரல்கள் இரண்டும் திரைக்கு முன்னால் இருந்தன. அவை தெரிந்தன. மற்ற விரல்கள் பின்பக்கம். அவை தெரியவில்லை.

பின்பக்கத்தில், ஆள்காட்டி விரலை ஏதோ தொட்டது.

ஈரம். மெதுமை. சேற்றில் ஊறிய மெதுமை. அது விரலின் நுனியைத் தடவியது. தயங்கியது. பிறகு, தொட்டிலுக்குள் விரலை நீட்டினால் பால்குடிப் பிள்ளை எப்படிப் பற்றிக்கொள்ளுமோ, அப்படி விரல் முழுவதையும் பொத்திப் பிடித்தது.

அவன் அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

நடுவிரலை இன்னொன்று பிடித்தது. அதைவிடச் சின்னது. மோதிர விரலை இன்னொன்று. மற்றக் கையிலும். ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல். ஒன்றும் மிச்சம் விடாமல்.

கத்திக்கொண்டு சாமானை விட்டான். அது தரையில் விழுந்து, திரை குப்புற, வெளிச்சம் அடங்கிப் போனது.

விழுந்தது சாமான் மட்டும்தான். வெறும் இருட்டில், அவனுக்கு முன்னால் நீட்டியபடி நின்ற இரண்டு கைகளில், ஒவ்வொரு விரலிலும் ஒரு குட்டிப் பிடி அப்படியே இருந்தது. அவன் கைகளை உதறினான். அவை விடவில்லை. காலடியில் சீமெந்துத் தரை இருந்த இடத்தில் ஈரமாக, மெதுவாக, ஏதோ இளகிக் கொடுத்தது. அந்தப் பிடிகள் எல்லாம் சேர்ந்து, நடை பழகும் பிள்ளைகள் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல, அவனைக் கீழே கூட்டிப்போகத் தொடங்கின.