மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை

"இன்னைக்குச் சாயங்காலம் என் செல் எல்லாத்தையும் குப்பையில போடப் போறாங்க, சார்!"

வாசலில் நின்ற பெண் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாமே நல்ல போனாம்மா?" என்று பரிவோடு கேட்டார் மச்சினர்.

"போன் இல்ல சார். உயிருள்ள செல்!"

மச்சினர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊஞ்சலில் இருந்த அவருடைய அக்கா கணவர் மட்டும் மெல்லச் சிரித்தார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரான அவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு தீப்பற்றினாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பார்கள். மச்சினரோ ஆள் உள்ளே வருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடும் ரகம். இதுவரை அவர் பிடித்தவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை என்பது வேறு விஷயம்.

"உட்காரும்மா. நிதானமாச் சொல்லு."

அவள் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கணையத்தில் உள்ள சில செல்கள்தாம், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரந்து அதை அடக்குகின்றன. அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதிலேயே அந்தச் செல்கள் அழிந்துபோயின. அன்றிலிருந்து தினமும் ஊசிதான்.

"அவன் ரத்தத்துலேருந்தே ஸ்டெம் செல் உண்டாக்கினோம் சார். அது எதுவா வேணா மாறும். இன்னும் என்ன படிக்கிறதுன்னு முடிவு பண்ணாத பிள்ளை மாதிரி. மருந்து குடுத்துக் குடுத்துக் கணைய செல்லா வளர்த்தேன். கடைசியா ஒரு பரீட்சை. சர்க்கரைத் தண்ணி ஊத்தினா, அது இன்சுலின் சுரக்கணும்."

"சுரக்கலையா?"

"சொட்டுக்கூட இல்ல. ரெண்டு தடவை பார்த்தாச்சு. செல் சாகல, நல்லாச் சாப்பிடுது. அதுக்கான சாப்பாடு புட்டியிலேயே தயாரா வந்துடும். ஆனா நான் சர்க்கரைத் தண்ணி கலக்கி ஊத்தினா மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது. எனக்கு வளர்க்கத் தெரியலைங்கறாங்க எங்க லேப் தலைவி."

"யாரோ விஷம் வெச்சுட்டாங்க அத்தான்!" என்றார் மச்சினர்.

"விஷம்னா செத்திருக்குமே, மாப்ளே."

அதற்குள் தேநீர் வந்தது. அவள் பேச்சுவாக்கில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கைக்குட்டை எடுக்கப் பையைத் துழாவியபோது, ரத்தச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று கீழே விழுந்தது. தம்பி வெளியே வந்தால் தேவைப்படும் என்று எப்போதும் பையிலேயே வைத்திருப்பாளாம்.

"எப்பவுமே மூணு ஸ்பூனாம்மா?" என்றார் நிதானம்.

"ரெண்டுதான் சார். இப்போ கொஞ்ச நாளா ஆபீஸ்ல மூணு போட்டாத்தான் இனிக்குது. அந்தப் பழக்கம். டீ போடறவர் மட்டமான சர்க்கரை வாங்கறார்னு எல்லாரும் அவரை ஒரு பிடி பிடிக்கிறோம்."

நிதானம் எழுந்து செருப்பைத் தேடினார்.

ஆய்வகத்தில் மச்சினருக்குத் தலையில் நீலத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி போல இருந்த அலமாரிக்குள் உடம்புச் சூடு. அங்கிருந்து எடுத்த தட்டை அவள் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். மச்சினர் குனிந்து பார்த்தார். ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள். இதையா குப்பையில் போடுவார்கள் என்று முணுமுணுத்தார்.

தலைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நிர்வாக அதிகாரி, சட்டை மடிப்புக் கலையாமல்.

"இந்த லேப் முன்னாடி சந்தைக்கடை மாதிரி இருந்துது சார்," என்றார் அதிகாரி பெருமையோடு. "ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு பாட்டில்ல. நான் வந்துதான் கட்டடம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளை டப்பா வாங்கி, என் கையாலேயே எல்லாத்தையும் மாத்திக் கொட்டி, அழகா அச்சடிச்சு ஒட்டினேன்."

அலமாரியில் உப்பு, சர்க்கரை என்று டப்பாக்கள் அணிவகுத்து நின்றன. இவ்வளவு சுத்தமாக இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று மச்சினர் அத்தானின் காதைக் கடித்தார். நிதானம் சர்க்கரை டப்பாவைத் திறந்து விரலை உள்ளே விடப் போனார்.

"ஐயோ சார்! இங்க எதையும் நாக்குல வைக்கக் கூடாது!" என்று பதறினாள் அந்தப் பெண்.

"ஓஹோ. நாக்கு வைக்கக்கூடிய இடம் எது?"

தேநீர் அறை. அங்கேயும் அதே வெள்ளை டப்பாக்கள். நிதானம் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். பிறகு எல்லோரையும் அங்கே கூப்பிடச் சொன்னார்.

"வெறும் தண்ணியில ரெண்டு கரைசல் வேணும்மா. ஒண்ணுல லேப் சர்க்கரை, இன்னொண்ணுல இந்த டீ சர்க்கரை. ஆச்சா? இப்போ உன் தம்பியோட கருவியை எடு."

அவள் முதல் கரைசலில் சோதனைப் பட்டையைத் தொட்டாள். அளக்கவே சர்க்கரை இல்லை என்றது கருவி. தேநீர் அறைக் கரைசலில் தொட்டாள். அளவைத் தாண்டிவிட்டது என்று கத்தியது.

"கருவி கெட்டுப்போச்சா அத்தான்?"

"கருவி சரியாத்தான் சொல்லுது, மாப்ளே. காலையில இந்தப் பொண்ணு செல்லுன்னதும் நீ போன்னு நெனச்சே பாரு, முடிச்சே அங்கதான் இருக்கு. ஒரே சொல், ரெண்டு பொருள். லேப்ல சர்க்கரைன்னா என்னம்மா?"

"குளுக்கோஸ்..." என்றவள் சட்டென்று டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "கடவுளே! டப்பா மாறிப்போச்சு!"

"ரெண்டு டப்பாவிலயும் சர்க்கரைன்னுதான் ஒட்டியிருக்கு. எழுத்துல பொய்யே இல்ல. கொட்டினபோதுதான் குளுக்கோஸ் டீ ரூமுக்கும், கடைச் சர்க்கரை லேபுக்கும் இடம் மாறிடுச்சு. இந்தக் கருவி குளுக்கோஸை மட்டும்தான் அளக்கும். குளுக்கோஸ்ல இனிப்புக் கம்மி. அதான் உங்க டீக்கு மூணாவது ஸ்பூன் தேவைப்பட்டுது."

"நாம கடைச் சர்க்கரை சாப்பிட்டா குடல்தான் அதை உடைச்சுக் குளுக்கோஸ் ஆக்கும்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "தட்டுல இருக்கற செல்லுக்குக் குடல் ஏது? அதுக்கு நான் குடுத்தது சர்க்கரையே இல்ல!"

"நாக்கு வைக்கக் கூடாத இடத்துல தப்பு நடந்துச்சு. நாக்கு வெச்ச இடத்துல டீ போடறவரைத் திட்டிட்டு விட்டுட்டீங்க."

அதிகாரி தன் சட்டை மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார். பாவம், அவரிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போனதுதான்.

"சந்தேகப்பட்டது என் தப்பும்மா," என்றார் தலைவி. "கிடங்குல சீல் உடைக்காத குளுக்கோஸ் இருக்கு. போ, திரும்பப் பரீட்சை வை. குப்பைத்தொட்டி காத்திருக்கட்டும்."

மாலை வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் திரை முன்னால் கூடினார்கள். செல்கள் சர்க்கரை குறைந்த தண்ணீரில் இருந்தபோது இன்சுலின் அளவு தரையோடு தரையாகக் கிடந்தது. குளுக்கோஸ் பட்டதும் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. மச்சினர் தொப்பியைக் கழற்றி வீசிக் கைதட்டினார். தலைவியே கைதட்டியதால் யாரும் அவரை அதட்டவில்லை.

அந்தப் பெண் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"டேய், சுரக்குதுடா! உன் உடம்புல வைக்கறதுக்கு இன்னும் எவ்வளவோ தாண்டணும். ஆனா சுரக்குதுடா!" அழுகையும் சிரிப்புமாக நடந்ததை எல்லாம் கொட்டினாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா," என்றான் பிறகு, "சின்ன வயசுல சர்க்கரைன்னு சொல்லி வேற எதையாவது கலந்து குடுப்பீங்களே, நான் ஒரு தடவையாவது ஏமாந்திருக்கேனா? அப்புறம் என் செல் மட்டும் எப்படி ஏமாறும்?"