வெறும் முப்பத்தெட்டு நாள்

காலையில் செயலகத்தின் அறிவிப்புத் துறைக்குள் நுழைந்ததும் மகிழினி முதலில் செய்வது, மணிக்கட்டுத் திரையில் கணவரின் எண்ணைப் பார்ப்பது. இன்று பதினொன்று என்று காட்டியது. இன்னும் பதினொரு நாளில் ரித்விக் கடல்மேடையிலிருந்து ஒரேயடியாக வீடு திரும்பிவிடுவார். தூத்துக்குடிக்கு அப்பால், கடல்நீரைக் குடிநீராக்கும் மேடை அது. அறுபது வயதில் வந்திருக்க வேண்டியவருக்கு இப்போது அறுபத்தெட்டு.

இடையில் போன எட்டு ஆண்டுகளையும் அரசாங்கம்தான் எடுத்துக்கொண்டது. கருவூலத்தைத் துடைத்து வழித்தாகிவிட்டது, எந்த வங்கியும் கடன் தரவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களென்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சமாளித்திருப்பார்கள். தலைவர்கள் சட்டத்தை மாற்றினார்கள். ‘நாட்கடன்’ என்று பெயர். ஒவ்வொரு புதிய செலவுக்கும் குடிமக்கள் தலைக்கு இத்தனை நாள் கூலியில்லாமல் உழைத்துவிட்டுத்தான் ஓய்வு பெறலாம். அமைச்சர்களுக்கும் செயலகத்தாருக்கும் மட்டும் விலக்கு. சிலைக்குப் பதினாறு நாள், சிலைக்கு எதிரே நீரூற்றுக்கு ஒன்பது நாள், அந்த நீரூற்றின் திறப்பு விழாவுக்கு நாற்பது நாள். கேட்பாரில்லை.

பதினைந்து ஆண்டுக்கு முன் முதல் நாட்கடன் அறிவிப்பை எழுதியவள் மகிழினிதான். ‘தலைக்கு ஆறு நாள்’ என்ற வாக்கியம் மொட்டையாக நின்றது. எண்ணுக்கு முன்னால் ‘வெறும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஓசைக்காகத்தான், வேறெந்த எண்ணமும் இல்லை. தலைவர் மேடையில் அதை அழுத்திச் சொன்னார், கூட்டம் கைதட்டியது. இனி எல்லா அறிவிப்பிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று மறுநாளே ஆணை வந்தது. அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது. ரித்விக்கிடம் மட்டும் தட்டச்சுப் பிரிவில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று செயலாளர் ஒரு ஃபைலை அனுப்பினார். தலைவரின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கடற்கரை நெடுக வானத்தில் ஒளிமாலை, தலைக்கு முப்பத்தெட்டு நாள். மகிழினி பதினொன்றோடு அதைக் கூட்டிப் பார்த்தாள், நாற்பத்தொன்பது. குளோரின் நெடியில் ரித்விக்கின் நுரையீரல் கெட்டிருந்தது. சீக்கிரம் கரைக்குப் போய் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று மேடை மருத்துவர் போன மாதமே சொல்லியிருந்தார். ஆனால் எண் தீராதவர்களைக் கரைக்கு அனுப்ப மாட்டார்கள்.

வாழ்க்கையில் முதல் முறையாகச் செயலாளரின் அறைக்குப் போய், இதை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கெட்டவரில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஒளிமாலைக்கான ட்ரோன்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று என்றார், அவள் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதப்போகிறார் என்றார். திரும்பி வந்து எழுதினாள். அந்தச் சொல்லையாவது விட்டுவிடலாம் என்றிருந்தாள், விரல்கள் பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டன.

சாயங்காலம் கடல்மேடைக்குப் பேசினாள். திரையில் ரித்விக் இருமி முடித்துவிட்டுச் சிரித்தார்.

“செய்தி பாத்துட்டேன் மகி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. வெறும் முப்பத்தெட்டு நாள்தான, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்.”

அவளைத் தேற்றுவதற்காக, மனதார நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார். அது தன் சொல் என்று சொல்ல வாயெடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அறிவிப்பு வந்த இருபத்தேழாம் நாள் ரித்விக் வால்வு அறையிலேயே இறந்துபோனார். காரியங்கள் முடிந்த மறுநாள் அவள் மணிக்கட்டில் இருபத்திரண்டு என்று ஏறியிருந்தது. இறந்தவரின் மிச்ச நாட்கள் வாழ்க்கைத் துணையின் கணக்கில் சேரும், செயலக விலக்கு அதற்குச் செல்லாது. மேல்முறையீடு செய்தால் நீக்கிவிடலாம் என்று செயலாளரே சொன்னார். அவள் மனு எழுதவில்லை. கடல்மேடைக்குப் படகேறிவிட்டாள்.

அவர் திருகிய வால்வுகளையே அவளுக்கும் கொடுத்தார்கள். அவரோடு பல வருடம் வேலை பார்த்த ஜெர்லின் வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். தன் மீன்துண்டை எடுத்து மகிழினியின் தட்டில் வைத்தாள். வாய் ஓயாமல் அவரைப் பற்றியே பேசினாள். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்:

“கரையில நீங்க டைப்பிங்கா அக்கா? அண்ணன் சொல்லுவாரு.”

“இல்ல. அறிவிப்பெல்லாம் நான்தான் எழுதுனேன். வெறும்னு போட்டது நான்.”

ஜெர்லின் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு என்றிருந்தது.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அந்த மட்டுக்கும் நல்லது,” என்றாள் ஜெர்லின். தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.